ஊற்றடிக்குப் போய்ச் சேராத தேங்காய்

போன வருடம் சாமுண்டி மலைப் படியேறியதைப் பற்றி எழுதியபோது, "விரதம் இருப்பவர்களும் தாராளமாக ஏறலாம், பகவான் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியை நேற்று எடுத்துவிட்டேன். அதை நம்பி யாராவது அப்படிப் போயிருந்தால் என்னை மன்னிக்க வேண்டும். ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாதேஸ்வரன் மலைக்குப் பல தடவை போயிருக்கிறேன். அங்கிருந்து ஜீப்பில் பதினொரு கிலோமீட்டர் போய், ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஏழு கிலோமீட்டர் நடந்தால் ஊற்றடி என்ற இடம். பாறைக்கடியில் ஊற்று, ஊற்றுக்குள் ஒரு சின்ன லிங்கம். கார்த்திகை சோமவாரங்களில் மட்டும், அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போகலாம். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் போவதாக நினைத்திருந்தோம். இந்தக் கார்த்திகையின் கடைசித் திங்கள்தான் வாய்த்தது.

ஞாயிறு மதியம் 1.15க்கு மைசூரில் பஸ். 3.20க்குக் கொள்ளேகாலில் இறங்கி வேறு பஸ் மாறினோம். மலைக்குப் போய்ச் சேரும்போது 6.30. மொத்தம் 145 கிலோமீட்டர் இருக்கும். கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், எனக்கு ஆதார் காட்டினால் இலவசம். இவருக்கு மட்டும் இரண்டு பஸ்ஸுக்குமாக 190 ரூபாய். ("கூலியும் கொடுத்து மூட்டையும் நான்தான் தூக்கணுமா?" என்று வழியெல்லாம் முனகினார்.) லாட்ஜ் அறை 700. வெந்நீர் காலை ஐந்து மணிக்கு ஒரு வாளி தருவார்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

கார்த்திகை சோமவாரத்தில் மாலை விளக்கேற்றும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பத்தொன்பது வருடமாக அப்படித்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், ஏனென்றால் நானே சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிரஷர் இருப்பதால், "மலை ஏறுகிற அன்று மட்டும் வேண்டாம்" என்று இவர் முதலிலேயே சொல்லியிருந்தார். காலையில் இவர் குளித்துவிட்டு வந்து "நீ சாப்பிட்டியா?" என்றார். "நீங்க குளிக்கப் போனப்பவே கீழே போய் இட்லி சாப்பிட்டாச்சு" என்றேன். வாய் கூசவில்லை. சாமிக்காகச் சொல்லும் பொய் பொய்யில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

5.45க்கு ஜீப். போகவர ஆளுக்கு 400 ரூபாய். எங்களோடு ஏறியவள் மாதம்மா. கொள்ளேகால்காரி, நஞ்சன்கூட்டில் துணிக் கம்பெனியில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு தேங்காய். "எம்பொண்ணுக்கு எட்டு வருசங் கழிச்சுப் பொறந்த பையனுங்கக்கா. ஊத்தடியில காய் ஒடச்சுட்டுத்தான் மொத முடி எறக்கறதுன்னு வேண்டிக்கிட்டேன். ஒரு மண்டலம் பூஜையில வச்ச காயி. வர்ற வெள்ளிக்கெழம மொட்டை." கம்பெனியில் ஒரே ஒரு நாள் லீவு கொடுத்திருந்தார்களாம். இதை விட்டால் அடுத்த கார்த்திகைதான்.

ஜீப் நின்ற இடத்தில் வழிகாட்டி புட்டசாமி காத்திருந்தார். ஆளுக்கு 300 ரூபாய் கட்டணம். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். முதல் கேள்வியே, "எல்லாருக்கும் திண்டி ஆச்சா?" காலைச் சாப்பாட்டைத்தான் கேட்டார்.

"ஆச்சு" என்றேன், எல்லோருக்கும் முந்திக்கொண்டு.

"பொய் சொன்னா ஆத்துல தள்ளிருவேன்ம்மா. மொதல்ல உங்களத்தான்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "பன்னெண்டு மணிக்கு எங்க இருக்கமோ அங்கருந்து திரும்பறது. மூணு மணிக்கு மேல ஆனை தண்ணிக்கு வரும். யாரையும் நடுவுல விட்டுட்டுப் போகமாட்டேன். போனா எல்லாரும், வந்தா எல்லாரும்."

6.30க்கு நடக்க ஆரம்பித்தோம். முதல் இரண்டு கிலோமீட்டர் மூங்கிலுக்கு நடுவே செங்குத்தாக இறக்கம். சரளைக்கல் வழுக்கும், முட்டி நடுங்கும். கீழே ஆறு. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் பாறை மேல் பாறையாகத் தாவி, மூன்று இடத்தில் முழங்கால் தண்ணீரில் கயிறு பிடித்துக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் மலை சுவர்போல் நிற்கிறது. மேலே பார்த்தால் வானம் ஒரு முழம்தான். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான். அதையும் ஒரு பெருமையாக நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவது துறையைத் தாண்டும்போது மணி 10. கடைசி இரண்டு கிலோமீட்டர் நேர் ஏற்றம். அரை கிலோமீட்டர்கூட ஏறியிருக்கமாட்டேன், பாறையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"வெயில்தான், அஞ்சு நிமிஷம்" என்றேன். ஐந்து நிமிஷம் கழித்து எழுந்தேன், பத்தடி நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இப்படியே ஒரு மணி நேரம். எதிரே மேல் சரிவில் ஊற்றடியின் மஞ்சள் கொடி நன்றாகத் தெரிந்தது. மாதம்மா அதைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், தேங்காயை இடுப்பு மாற்றிக்கொள்வாள். தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மாட்டேன் என்றால் கேள்வி வரும். வாங்கி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, குடிக்கிற மாதிரி சாய்த்தேன். தண்ணீர் தாடை வழியாக ஓடியது. இரண்டாம் தடவையும் அப்படியே செய்தேன்.

"ஏனுங்கக்கா," என்றாள் மாதம்மா, "தொண்டை அசையவே இல்லீங்களே?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

இவர் பாறையில் கையூன்றி நின்றபடி, "அப்ப காலைல சாப்பிட்ட இட்லி?" என்றார். "எந்த ஓட்டல் இட்லிடி அது?" அதோடு சரி. வீடு வந்து சேரும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புட்டசாமி மணி பார்த்தார். 11.40. "இனிமே இவங்க ஏறக்கூடாது. எறங்கவே ரெண்டாள் புடிக்கணும்."

"நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றேன்.

"இருந்தா ஆனைக்கு நீங்கதான் திண்டி" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாதம்மா கொடியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்தாள். தேங்காயை மூன்று சுற்று சுற்றினாள், பேரன் பெயரைச் சொன்னாள், பக்கத்துப் பாறையில் ஓங்கி அடித்தாள். ஒரு மூடியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து என் வாயருகே வைத்தாள்.

"குடிங்க."

"இது உன் வேண்டுதல், மாதம்மா."

"அதான் ஒடச்சாச்சே. ஆற வச்சு அப்பறமாக் குடிக்கறதுக்கு இது என்ன காப்பியா? குடிங்கக்கா."

குடித்தேன். அவள் கத்தியால் நெம்பிக் கொடுத்த பத்தையையும் தின்றேன். இனிப்பாக இருந்தது. அந்த நேரத்திலும் அது இனித்தது என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் என்னை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் இவரும் தாங்கிக்கொண்டார்கள். ஆற்றோரம் முழுக்க அவள் பேசவே இல்லை. "கோவமா?" என்று கேட்டேன். "இல்லைன்னு சொன்னா பொய்யுங்கக்கா" என்றாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை. மேலே ஜீப்புக்கு வந்தபோது 3.50. கடைசி ஏற்றத்தின் மூங்கில் காட்டுக்குள் கிளை முறியும் சத்தம் கேட்டது. புட்டசாமி அதற்குப் பிறகு எங்களை நிற்கவே விடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், ஆற்றை நம்ப வேண்டாம். பட்டை வைத்த செருப்பு நல்லது, ஷூ நனைந்தால் கனக்கும். மாற்றுத்துணி ஜீப்பிலேயே இருக்கட்டும். முட்டிவலி உள்ளவர்கள் முதல் இறக்கத்திலேயே யோசித்துத் திரும்பிவிடலாம், அதில் வெட்கமில்லை. முக்கியமாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். விரதம்தான் பெரிதென்றால் வீட்டில் இருந்து விரதம் இருங்கள். என் விரதத்துக்கு நான் மட்டும் பட்டினி என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மொட்டைக்கு மாதம்மா போன் செய்து கூப்பிட்டாள். எந்த முகத்தோடு போவது என்று யோசித்து, போகாமல் இருப்பது அதைவிட மோசம் என்று கொள்ளேகாலுக்குப் போனேன். குழந்தை சந்தனம் பூசிய தலையோடு தட்டிலிருந்த லட்டை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தான். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தியம்மா மாதம்மாவிடம் கேட்டார், "ஊத்தடிக்குப் போனீங்களே, காய் ஒடச்சாச்சா?"

எனக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"ஆச்சுங்க" என்றாள் மாதம்மா.

அன்று காலை நான் புட்டசாமியிடம் சொன்ன அதே சொல். அவள் எனக்காகச் சொன்னாளா, நிஜமாகவே அப்படி நினைத்தாளா, தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. சோற்று வாளியோடு நேராக என் முன்னால் வந்து நின்று, கேட்காமலே ஒரு கரண்டி வைத்தாள்.

"தின்னுங்கக்கா," என்றாள், குனிந்து, மெதுவாக. "தொண்டை அசையறத நான் பாக்கோணும்."