சங்கிலியைப் பிடிக்க வேண்டியவர்

என் மனைவி பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். கல்யாணமான புதிதில், "பொம்பளைக்கு எதுக்கு கேஸ் சிலிண்டர் தூக்குற வேலை?" என்று என் அம்மா கேட்டாள். மறுநாளே அம்மாவின் அடுப்படிக்கு ஒரு சிலிண்டரைத் தோளில் சுமந்துவந்து இறக்கிவிட்டுப் போனாள் இவள். நான் தையல்காரன். இவளுடைய சட்டை முதலில் தேய்வது தோளில்தான். ஒட்டுப் போட்டுத் தருவது என் பங்கு.

போன மாதம் பேன்ட்டையும் தைக்க வேண்டி வந்தது. சிலிண்டர் கொடுக்கப் போன மாடி வீட்டில் நாய் இவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. காவலுக்கென்றே வாங்கிய ஜாதி நாய், கன்றுக்குட்டி உயரம். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். அது குரைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வந்து இவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, அந்த வீட்டுக்காரர் ஆப்பிள் பையோடு வந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. இனிமே அது இருக்காது. சாயந்திரம் நாய் டாக்டர் வந்து ஊசி போட்டு முடிச்சிடுவாரு."

"அதான் சார் சரி," என்றான் இவள் தம்பி. எனக்கும் வயிறு குளிர்ந்தது. கையில் கிடைத்தால் கத்தரிக்கோலாலேயே அதைக் குத்தியிருப்பேன்.

"எதுக்குக் கொல்லணும்?" என்றாள் இவள்.

"உங்களைக் கடிச்சிடுச்சே..."

"கடிச்சுது. நாய் கட்டியிருக்கான்னு கேட்லயே நின்னு கேட்டேனே? மாடியிலருந்து எட்டிப் பாத்து, 'ஒண்ணும் பண்ணாது, வாங்க'ன்னு சொன்னது யாரு? நான் நாயை நம்பி வரல சார். உங்களை நம்பித்தான் உள்ள வந்தேன்."

"அக்கா, நாளைக்கு வேற யாரையாவது கடிச்சா?"

"நீ வாயை மூடுடா. இதைக் கொன்னா இன்னொண்ணு வாங்குவாரு. அப்பவும் மாடியிலருந்தேதான் குரல் குடுப்பாரு."

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. "நாய் என்னோடதும்மா. முடிவு நான் பண்ணிக்கறேன்."

"கால் என்னோடது. அதை நீங்க கொன்னா, நடந்ததை அப்படியே போலீஸ்ல சொல்லுவேன். வேணாம்னா ஒண்ணு பண்ணுங்க. யாரு உங்க கேட்டுக்கு வந்தாலும் நீங்களே இறங்கி வந்து சங்கிலியைப் புடிக்கணும். வேலைக்காரரை அனுப்பக் கூடாது."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று எல்லோரும் சொல்வோம். எய்தவனை எதிரே உட்கார வைத்துச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு வராது. அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

தையல் பிரித்து வேலைக்குத் திரும்பிய வாரம் அதே வீட்டுக்கு சிலிண்டர். நானும் கூடப் போனேன். மணி அடித்தாள். அவர் இறங்கி வந்தார். சங்கிலியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். நாய் ஓர் இழுப்பு இழுத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மனுஷன் அதன் கிட்டேயே போனதில்லை.

இவள் சிலிண்டரைத் தோளில் ஏற்றினாள். விந்தி விந்தி நடந்தாள், அவசரமே படவில்லை. அவர் முன்னால் வந்ததும் நின்றாள்.

"பயப்படாதீங்க சார். ஒண்ணும் பண்ணாது."