மாப்பிள்ளை வரும்வரை

"மாப்பிள்ளை வர்ற வரைக்கும் ஏதாவது ஓட்டு தம்பி."

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓட்டு! நான் என்ன டவுன் பஸ்ஸா ஓட்டினேன்? கிடார் வாசித்தேன். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருச்சியில் கொஞ்சம் வசதியான கல்யாணம் என்றால் சாயங்கால வரவேற்புக்கு மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். அப்படிப் போய் வாசிக்கும் ஒரு குழுவில் நான் கிடார்காரன். பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை முடிந்ததும் காட்டூர் வீட்டுக்கு ஓடி, சட்டையை மாற்றி, கிடார் பெட்டியோடு பஸ் ஏறுவேன். அந்தப் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு ஒரு சண்டை. மண்டபத்துக்குள் நுழையும்போதே பாதிக் கோபத்தில்தான் இருப்பேன். மீதிக் கோபத்தைக் குழுத் தலைவர் பார்த்துக்கொள்வார்.

பத்திரிகையில் ஆறு மணி என்று அச்சடித்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏழுக்குக் குறைந்து வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த ஒரு மணி நேரம் எங்கள் பாடகர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். நல்ல பாட்டைக் காலி நாற்காலிக்கு ஏன் பாட வேண்டும் என்பார் தலைவர். அவரே முதல் பாடகர், அவரே அறிவிப்பாளர். ஆகவே வாத்தியக்காரர்கள் நாங்கள் மட்டும் எதையாவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசலில் கைக்குட்டையோடு ஓர் ஆள் நிற்பான். கார் வந்தால் அவன் கைக்குட்டையை ஆட்டுவான், தலைவர் வலது கையைத் தூக்குவார். கை தூக்கினால், எந்த இடத்தில் இருக்கிறோமோ அந்த இடத்திலேயே வெட்டிவிட்டு வரவேற்புப் பாட்டுக்குத் தாவிவிட வேண்டும். நான் சேர்வதற்கு முன்பிருந்தே இதுதான் சட்டம். எனக்கும் முதலில் அது பெரிதாகப் படவில்லை. ஒரு இசைத்தட்டு வந்து என்னைக் கெடுத்தது.

என் அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். லீவில் வரும்போது கிடார் கம்பி வாங்கி வரச்சொல்லி எழுதியிருந்தேன். மனுஷர் கம்பியை மறந்துவிட்டு, அட்டையில் கிடார் படம் போட்ட எல்பி ஒன்றை நீட்டினார்.

"கிடார்தானே கேட்ட? இதுல முழுக்க கிடார்தான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயரே கிடையாது. என் கிடாரில் இரண்டு கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. இந்தத் தட்டை வைத்துக்கொண்டு நான் தோசையா வார்ப்பது?

ரெக்கார்டு பிளேயர் இருந்தது எங்கள் குழுவின் டிரம்ஸ்காரன் வீட்டில். ஸ்ரீரங்கத்துப் பையன், பாங்கில் வேலை, நெற்றியில் திருமண், பைக்குள் எப்போதும் இரண்டு டிரம்ஸ் குச்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மாதா கோயிலிலிருந்து நேரே அங்கே போனேன். அவன் ஊசியை வைத்தான்.

முதலில் பேஸ் கிடார் மட்டும் சோம்பலாக நாலு அடி நடந்தது. டிரம்ஸ் வந்து சேர்ந்தது. அதில் அடித்த அடியைவிட அடிக்காமல் விட்ட அடி அதிகம். எலெக்ட்ரிக் பியானோ ஒன்று பின்னால் மெல்ல விரிந்தது. அதற்கப்புறம்தான் கிடார். கத்தவில்லை, அழவில்லை, வேகம் காட்டவில்லை. ஒரே சுரத்தை மேலேயும் கீழேயுமாக இரண்டு கம்பியில் சேர்த்துத் தொட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வாசித்தார் அந்தக் கிடார்காரர். நான் அதுவரை கிடார் என்றால் பாடகன் மூச்சு வாங்கும்போது ஜிங் ஜிங் என்று இட்டு நிரப்புவது என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

டிரம்ஸ்காரனின் அப்பா உள்ளேயிருந்து வந்து தூணோரம் நின்றார்.

"ஏண்டா, பாடறவா யாரும் வரமாட்டாளா?"

"இதுல பாட்டு கிடையாதுப்பா. வாசிக்கறது மட்டும்தான்."

அவர் நம்பவில்லை. யாராவது வந்துவிடுவார்கள் என்று கடைசிவரை காத்திருந்தார். கடைசி என்று சொல்கிறேனே, அங்கேதான் வந்தது வினை. அந்த உருப்படிக்குக் கடைசியே இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

"என்னடா இது, வாசிச்சுண்டே எழுந்து போயிட்டா? மங்களம் பாட வேண்டாமோ?" என்றார் பெரியவர்.

எனக்கும் அதே கடுப்புதான். இவ்வளவு வாசிக்கத் தெரிந்தவனுக்கு முடிக்கத் தெரியாதா? அட்டையின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த மனிதர் பல வருஷம் ஸ்டுடியோவில் மற்ற பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவராம். தன் பேரில் போட்ட முதல் தட்டு இதுதானாம். அதோடு, கூட வாசித்த ஒவ்வொருவர் பேரும் அச்சில் இருந்தது. கிலுகிலுப்பை ஆட்டியவன் பேர்கூட! எங்கள் குழுவின் நோட்டீஸில் தலைவர் பேர் இருக்கும், தலைவர் போட்டோ இருக்கும், கீழே பொடி எழுத்தில் "குழுவினர்" என்று இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் நாங்கள் எட்டுப் பேர் அடைந்து கிடந்தோம். அநியாயம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குத் தோன்றியது.

பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்ரீரங்கத்தில்தான். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து அந்த முதல் உருப்படியைக் காதாலேயே பிடித்தேன். "தேயறதுடா ஊசி" என்று டிரம்ஸ்காரன் அலறுவான். முழுவதும் வந்த பிறகு, இல்லாத முடிவை நானே கட்டினேன். சத்தத்தைக் குறைக்காமல், படி இறங்குகிற மாதிரி சுரம் சுரமாக இறங்கி, டிரம்ஸும் பேஸும் மூன்று தட்டோடு நின்றுவிட, கிடார் மட்டும் ஒரே ஒரு சுரத்தில் வந்து உட்காரும். என் வாழ்க்கையில் நானாக உண்டாக்கிய இசை அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட வராது. அதை ஒரே ஒரு தடவை நாலு பேருக்கு முன்னால் வாசித்துவிட வேண்டும். பணமும் கேட்கவில்லை, மாலையும் கேட்கவில்லை. முடிக்க விட்டால் போதும்.

விட்டார்களா? சமயபுரத்தில் ஒரு திருவிழா மேடை. உருப்படி அருமையாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு சுற்று வாசித்தால் என் படி இறக்கம். யாரோ ஒரு பிரமுகர் வந்துவிட்டார், தலைவர் கை மேலே போய்விட்டது. சரி, போகட்டும். இன்னொரு தடவை காட்டூரில் ஒரு காதுகுத்து. குழந்தை வீறிட்டு அழுததால் வெட்டு. அதற்கும் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். மன்னார்புரத்து மண்டபத்தில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படியில் இரண்டு சுரம் இறங்கியே விட்டேன். கைக்குட்டை ஆடியது, கை தூக்கினார், நிறுத்தினோம், பாடகி எழுந்து வரவேற்புப் பாட்டைக் கணீரென்று ஆரம்பித்துவிட்டாள். வாசலில் வந்து நின்றது ஐஸ்கிரீம் வண்டி. மாப்பிள்ளை வந்து சேர அதற்குமேல் அரை மணி ஆயிற்று. ஐஸ்கிரீமுக்காக என் உருப்படியை வெட்டினார்கள் ஐயா!

"சரி தம்பி, விட்ட எடத்துலேர்ந்து ஓட்டு" என்றார் தலைவர்.

"மாட்டேண்ணே" என்று கிடாரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு நாள், ஒரே ஒரு உருப்படி. கச்சேரி நடுவுல, ஜனங்க உக்காந்திருக்கப்ப வாசிக்க விடுங்கண்ணே."

"பாட்டு இல்லாம எவன் கேப்பான் தம்பி? ஜனங்களுக்கு வார்த்தை வேணும்."

"காலையில இதே மண்டபத்துல நாதஸ்வரம் வாசிச்சாங்களே, அதுல எந்த வார்த்தை இருந்துச்சு?"

"அது மங்களகரம். உன்னுது ஹோட்டல்ல காபி ஆத்தறப்ப போடற சத்தம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தமாஷாம். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குழுவை விட்டுப் போய்விடுவேன் என்று டிரம்ஸ்காரனிடம் குதித்தேன். "போய் என்னடா பண்ணுவே? உங்காத்துச் சுவத்துக்கு வாசிப்பியா?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

இந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பள்ளிக்கூட டீச்சர். பேசியது மொத்தம் மூன்று தடவை இருக்கும், அதுவும் இரண்டு வீட்டாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது. காலையில் கோயிலில் கல்யாணம், சாயங்காலம் மன்னார்புரத்தில் அதே மண்டபத்தில் வரவேற்பு. எங்கள் குழுவே வந்து அன்பளிப்பாகக் கச்சேரி செய்வதாகத் தலைவர் சொன்னார். நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. அவர் சொன்ன அந்த நிமிஷத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. மாப்பிள்ளை வரும்வரைதானே வாத்திய இசை? மாப்பிள்ளையே வாசித்தால் எவன் நிறுத்துவான்?

டிரம்ஸ்காரனிடம் மட்டும் சொன்னேன். "உன் மாமனார் என்னைத் தூக்கிப் போட்டு மிதிப்பார்டா" என்றான். ஆனாலும் என் கிடாரை அவன்தான் முன்கூட்டியே கொண்டுபோய் மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

அன்று கார் மண்டபத்து வாசலில் திரும்பும்போது உள்ளே எங்கள் ஆர்கன்காரர் ஏதோ அழகாக வாசித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை ஆடியது. சுரம் பாதியில் அறுந்தது. எனக்காக ஒருவரை வெட்டிவிட்டார்கள்! காரிலேயே உட்கார்ந்து, முடித்துவிட்டு வரச்சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். மாமனார் கதவைத் திறந்து "இறங்குங்க மாப்ள" என்றார்.

வரவேற்புப் பாட்டு முடிந்தது. கேக் வெட்டினோம். எல்லாரும் நாற்காலியில் அமர்ந்த சமயம் பார்த்து எழுந்தேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, நேரே குழுவின் பக்கம் நடந்து, கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினேன். மண்டபம் கப்பென்று அடங்கியது.

"ஐயோ, மாப்பிள்ளை என்ன இப்படி?" என்று என் மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். டிரம்ஸ்காரன் குச்சியைத் தட்டினான், பேஸ் நடந்தது, நான் ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பழக்கதோஷத்தில் தலைவரின் வலது கை மேலே போனது. தூக்கியபடியே வாசலைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. வர வேண்டியவன் இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறான். கை அந்தரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு மெல்லக் கீழே வந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் இருக்கிறதே, அது எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

ஒரு சுரம் விடாமல் வாசித்தேன். படி இறங்கினேன். மூன்று தட்டு. கடைசிச் சுரம் வந்து உட்கார்ந்தது, அதுவாக அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

யாரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை, இனிமேல்தான் யாரோ பாடப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு விழுகிற சத்தம் கேட்டது. தலைவர் மைக்கை எடுத்தார்.

"மைக்கெல்லாம் நல்லா இருக்கு. அன்பார்ந்த பெரியோர்களே, இப்ப நம்ம நிகழ்ச்சி ஆரம்பமாகுது."

இப்போதும் சொல்கிறேன், அந்த இடத்தில் என் கையில் கிடார் இல்லாமல் வேறு ஏதாவது இருந்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். என் வாழ்நாள் உருப்படி அவருக்கு மைக் டெஸ்டிங்! கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நாற்காலியில் விழுந்தேன். பாடகி பாட ஆரம்பித்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே இருந்த பூ அலங்காரத்தை முறைத்தேன்.

பக்கத்தில் என் புது மனைவி குனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிராமலேயே மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கடைசிப் பகுதி மட்டும் நீங்களே போட்டதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவரைக்கும் யாரோ சாந்தமான மனுஷன் பேசற மாதிரி இருந்துச்சு. கடைசியில மட்டும் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு மாடியிலேர்ந்து தடதடன்னு இறங்கி வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு."

மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகி ஒரு நாள் முடியவில்லை, அதற்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று முதலில் அதற்கும் கோபம்தான் வந்தது. பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஆமா, அது நான்தான்" என்றேன்.