மண்டிக்கு வினோலியா வைத்த ஆப்பு

வினோலியா என்ன வேலை பார்க்கிறார் என்று திண்டுக்கல்லில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார் ஒருவர், ஆதார் திருத்தம் என்பார் இன்னொருவர். வீட்டிலிருந்தே சேலை விற்கிறார் என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. மூன்றும் பிழை. அவர் வெப்சைட்டும் மொபைல் ஆப்பும் உருவாக்கித் தருகிறார்.

அவருடைய லேப்டாப் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. சார்ஜர் வயரைக் கோணலாகப் பிடித்தால்தான் உயிர் வரும். ஆனால் வேலை நடப்பது அதில் இல்லை. எழுதுவது, சோதிப்பது, வெளியிடுவது எல்லாம் கிளவுட் என்கிறார்களே, எங்கோ இருக்கும் அந்த வாடகைக் கம்ப்யூட்டரில்தான். லேப்டாப் அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல், அவ்வளவே.

முன்பு அவர் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. பாடம் எடுப்பதோடு காலையில் வாசலில் நின்று, பிள்ளைகள் கட்டியிருக்கும் ரிப்பன் சரியான நிறம்தானா என்றும் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டு விலகிவிட்டார். இந்த ஆண்டு அதே இடம் மறுபடி காலியானது. தலைமையாசிரியை சிஸ்டர் போன் செய்ததும் வினோலியாவின் அம்மா ஆனந்தமேரி கெடு வைத்துவிட்டார்.

"மண்டிக்காரங்க கூட்டத்துல உன் ஆப்பை ஏத்துக்கிட்டாகன்னா சரி. இல்லையா, திங்கக்கிழமை பள்ளிக்கூடம். நான் சிஸ்டருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

அந்த ஆப் காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர்கள் சங்கத்துக்கானது. எந்தக் கடையில் இன்று என்ன விலை என்று நத்தம், ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயிகள் காலையிலேயே பார்த்துவிட்டு மூட்டை கட்டலாம். பலருடைய போனில் ஆப் முன்பே இறங்கியிருந்தது. திறந்தால் 'விரைவில்' என்ற ஒரே சொல்தான் வரும். கூட்டம் நடக்கும் நாள் காலையில் அதை நிஜமாக ஓடவிடுவது ஏற்பாடு. ஓடத் தொடங்கியதுமே அன்றைய விலை எல்லார் போனுக்கும் செய்தியாகப் போய்விடும்.

இப்படி வெளியிடுவதை அந்தத் தொழிலில் டெப்ளாய் என்பார்கள். வினோலியா 'ஏத்துறது' என்பார். மண்டியிலும் பொழுது முழுக்க ஏத்துவதுதான் வேலை, என்ன, அங்கே லாரியில். வினை இங்கேதான் தொடங்கியது.

சோதனைக்காக வினோலியா கடைகளுக்குத் தற்காலிகமாகப் பெயர் போட்டிருந்தார். சங்கத்திலிருந்து முறையான பெயர்கள் வரத் தாமதமானதால் சுமை தூக்குகிறவர்களிடம் விசாரித்தார். அவர்களுக்குத் தெரிந்தவை பட்டப்பெயர்கள் மட்டுமே. தலைவர் நல்லுசாமி, 'சீப்பு'. தலையில் ஒரு முடி கிடையாது, சட்டைப்பையில் சீப்பு இல்லாத நாளும் கிடையாது. எதைக் கேட்டாலும் செத்த நேரம் இருக்கச் சொல்லும் அப்துல் வாஹித், 'செத்தநேரம்'. விலை சொல்லுமுன் இருமுகிற கிளெமென்ட், 'இருமல்'.

பிறகு முறையான பெயர்கள் வந்தன. அவற்றையும் உள்ளே சேர்த்தார். எந்தப் பெயர்களை எடுத்துக் காட்ட வேண்டும் என்று ஆப்புக்குச் சொல்லும் ஒரு வரியை மாற்ற மட்டும் மறந்துவிட்டார். கடைசியாக ஒருமுறை சரிபார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அதற்குள் நல்லுசாமிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ஏத்திரவா? இல்ல, இன்னொருக்கா பாத்துட்டு ஏத்தவா?"

"ஏத்து, ஏத்து! பாத்துக்கிட்டே நிக்கிற? சட்டுனு ஏத்து!"

ஏற்றிவிட்டார்.

"ம், சொல்லு தாயி. லாரிக்காரப் பய உசுர வாங்குறான். என்னமோ கேட்டியே?"

பதில் சொல்லுமுன் மண்டி முழுக்க போன்கள் கிணுகிணுத்தன. விவசாயிகளின் போன்களிலும்தான். 'வணக்கம். இன்றைய விலை. சீப்பு: கத்தரி. செத்தநேரம்: முருங்கை. இருமல்: தக்காளி.' பக்கத்தில் போட்டிருந்த விலைகளில் ஒரு பிழையும் இல்லை.

வினோலியா தவறான வரியைத் திருத்தி மறுபடி ஏற்றினார். ஆப்பில் பெயர்கள் மாறிவிட்டன. போனுக்குப் போன செய்தியைத் திரும்ப அழைக்கும் பொத்தானைத்தான் இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

மத்தியானம் கூட்டம். நல்லுசாமி உட்காரவே இல்லை.

"சங்கத் தலைவரைச் சீப்புன்னு ஊரு பூரா தண்டோரா போட்டுட்டியே தாயி! எவன் சொன்னான் உனக்கு?"

"எல்லாரும்தான் சொன்னாங்கண்ணே. ஆனா ஏத்துனது என் தப்பு."

கிளெமென்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. யாரோ சிரித்தார்கள். சமாதானம் செய்ய எழுந்த வாஹித், "செத்த நேரம் இருங்கப்பா" என்றார். அதோடு கூட்டத்தின் மானம் கப்பலேறியது.

நல்லுசாமி மேசையைத் தட்டினார். "இந்த ஆப்பு வேண்டாம். முடிஞ்சது பேச்சு."

அப்போது பழனியம்மாள் உள்ளே வந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கம் கத்தரி போட்டிருப்பவர். வழக்கமாக ஊரிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்; மண்டிக்காரர்களைப் பட்டப்பெயரில் மட்டுமே தெரியும். கையில் போன், முகத்தில் கடுகடுப்பு.

"சீப்புக் கடையில கத்தரிக்கு நல்ல வெலன்னு போன்ல வந்துச்சு, மூட்டையப் போட்டுக்கிட்டு வாரேன். பாதி வழியில பாத்தா சீப்பக் காணோம். ஆர்.எம்.நல்லுசாமி அன் சன்ஸுன்னு எவனோ உக்காந்திருக்கான். யாருய்யா அவன்?"

"நாந்தேன்" என்றார் தலைவர்.

"நீ சீப்புல்ல?"

அந்த அறையில் அதற்குப் பிறகு யாராலும் கண்ணியம் காக்க முடியவில்லை. பழனியம்மாளைப் போலவே அன்று வேறு சிலரும் புதிதாக வந்து கடை தேடியது தெரிந்தது. வாஹித் முதலில் மசிந்தார். பட்டப்பெயரையும் சேர்த்தே போடலாம் என்றார். உடனே பேரம் தொடங்கியது. கிளெமென்ட் 'இருமல்' வேண்டாம், 'கணீர்' என்று போடு என்றார்.

"கணீர்னு யாரும் தேட மாட்டாங்கண்ணே" என்றார் வினோலியா.

நல்லுசாமி வாசலைப் பார்த்தார். பழனியம்மாளின் மூட்டை இன்னும் இறங்காமல் நின்றது.

"சரி, போட்டுத் தொலை. எழுத்தை மட்டும் சின்னதாப் போடு."

"எம்புட்டு சின்னதாண்ணே?"

"என் பொண்டாட்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு."

தீர்மானம் நிறைவேறியது.

அன்று மாலை ஆனந்தமேரி சிஸ்டருக்குப் போன் செய்தார். மகளுக்கு வேறு வேலை அமைந்துவிட்டது என்றார். என்ன வேலை என்று சிஸ்டர் கேட்டார். ஆனந்தமேரிக்கு அதுதான் சரியாகத் தெரியாது. செத்த நேரம் யோசித்தார்.

"மண்டியில பேரு வைக்கிற வேலைங்க, சிஸ்டர்."

"பேரு வைக்கிறதா? அது சாமியார் வேலையாச்சே!"

"சாமியார் ஒருக்கா வச்சாத் தீந்துச்சு, சிஸ்டர். இவ வச்ச பேரைத் தெனமும் திருத்துறாளே!"