கோயில் ஓடையில் மிதந்த அன்னதானம்

கோயில் திருவிழா முடிந்த மறுநாள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் கீழ் லயத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. அடுத்த நாள் அதுவும் நின்றுபோனது. பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். எங்கள் மலை நகரமான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி குடிச்சா?"

மூன்றாம் நாள் நான் தேயிலை ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவோடு ஓடையோரமாக மேலே ஏறினேன். கோயிலுக்குப் பின்னால் இறங்கும் ஓடையில்தான் லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள். அங்கே குழாய் வாயில் மாட்டியிருந்த கம்பிவலை தெரியவே இல்லை. அவ்வளவும் அன்னதானச் சோறு கொடுத்த வெள்ளை போலிஸ்திரின் டப்பாக்கள். மோர் குடித்த பிளாஸ்டிக் கிளாஸ்கள், மாலை கட்டிய நைலான் கயிறு, புளித்த சாம்பார். திருவிழாக் குப்பை மொத்தத்தையும் கோயிலுக்குப் பின்புறம் சரித்துவிட்டிருந்தார்கள். அதில் ஒரு டப்பாவில் நானும் சாப்பிட்டிருந்தேன். அது எங்கே போகும் என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை. அந்த நினைப்பு என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

இரண்டு உரச்சாக்கு நிறைய அள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது நேராக உள்ளே போய் மண்டபத்தின் நடுவில் கொட்டினேன்.

கோயில் தலைவர் எழுந்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதி வேலை வாங்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எங்களிடம் கிராணி குரலில்தான் பேசுவார்.

"ஏம்மா, ஆத்தா சன்னிதியில குப்பையக் கொட்டுறியே, புத்தி இருக்கா?"

"இங்க கொட்டுனா குப்பை. நாங்க குடிக்கிற தண்ணியில கொட்டுனா பிரசாதமா, ஐயா?"

பேச்சு கிளம்பியது. வாழை இலை இந்தக் குளிரில் விளையாது, கீழேயிருந்து லோரியில் வருவதற்குள் பாதி கிழிந்துவிடும் என்றார் ஒருவர். வீட்டுக்கு வீடு சில்வர் தட்டு வாங்கிச் சேர்க்கலாம் என்றேன் நான். தலைவர் யோசித்தார்.

"சரிலா. சில்வர் தட்டே வச்சிக்கலாம். பொம்பளைங்க நீங்க பத்து பேரு உக்காந்து கழுவிடுங்க."

ஆண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது வராத ஆத்திரம் அப்போதுதான் வந்தது. குப்பை போட்டவர்கள் அவர்கள்; ஊர் எச்சிலைக் கழுவ நாங்களா?

"நாங்க கழுவ மாட்டோம். தின்னவங்க தின்ன தட்ட அவங்கவங்களே கழுவட்டும். தலைவரும்தான்."

"இது நடக்காத காரியம்," என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்தை முடித்தார்.

அடுத்த திருவிழாவுக்கு லயத்துப் பெண்கள் வீடு வீடாகத் தட்டுகள் சேர்த்தோம். மண்டபத்துக்கு வெளியே குழாயடியில் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்தோம். தலைவர் தடுக்கவில்லை. ஆனால் பந்தி தொடங்கியதும் பந்தலுக்குப் பின்னாலிருந்து கமிட்டி ஆட்கள் அதே வெள்ளை டப்பாக்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு கட்டைப் பிடுங்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா இன்னொன்றின் மேல் உட்கார்ந்தாள். ஜனம் வேடிக்கை பார்த்தது.

அப்போது பூசாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். தட்டு ஒன்றை எடுத்துச் சோறு வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். குழாயடிக்குப் போய்த் துலக்கிக் கவிழ்த்துவிட்டுக் கருவறைக்குள் போய்விட்டார். அவரே கழுவிய பிறகு மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்? வரிசை குழாயடிக்குத் திரும்பியது. வாழ்நாளில் தட்டு கழுவாத ஆண்கள் சட்டையெல்லாம் நனைந்து நின்றார்கள். தலைவர் மட்டும் அன்று சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார்.

அந்த வருடம் தண்ணீர் நிற்கவில்லை.

ஒரு வாரம் கழித்து கோயில் வாசலில் பேனர் தொங்கியது. 'பசுமைக் கோயில் கண்ட தலைவருக்கு வாழ்த்துகள்.' கைகூப்பிய அவர் படம், பின்னால் எங்கள் ஓடை. பளபளக்கும் பிளாஸ்டிக் பேனர். வேலைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்த நான் நேராக வீட்டுக்குத் திரும்பினேன். காய்கறி நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க நான்கு கயிற்றையும் அறுத்தேன்.