மாலை கட்ட ஐந்து கம்பி

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே வாடகைக் கார் ஓட்டியவர். எந்த வண்டியையும் அதன் முகத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். அவர் ஓட்டிய காரின் முகம் எனக்கும் மனப்பாடம்: இரண்டு உருண்டை விளக்கு, நடுவே படுக்கைவாட்டில் ஐந்து வெள்ளிக் கம்பி. அந்தக் கார் வருவது நின்று வெகுகாலமாகிறது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்து, சென்னையில் கார் வடிவமைப்பாளராகச் சேர்ந்தேன். எங்கள் நிறுவனம் அந்தப் பழைய காரின் பெயரை வாங்கி, அதை மின்சாரக் காராக மறுபடி கொண்டுவர முடிவெடுத்தபோது, முன்பக்கத்தை வரையும் வேலை எனக்கு வந்தது.

ஐந்து கம்பியையும் வரைந்தேன், கொஞ்சம் மெலிதாக. பொறியாளர்கள் ஒப்பவில்லை. மின்சார வண்டிக்கு அந்த வழியாகக் காற்று போக வேண்டியதில்லை. வழவழப்பான மூடியில் ஐந்து கோடு அச்சடித்தால் போதும் என்றார்கள். அழகாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் கம்பிகள் போய்விடும் என்று தெரிந்தே ஊருக்கு வந்தேன்.

மாமா வேறொரு கம்பெனியின் மின்சாரக் கார் வாங்கியிருந்தார். எங்கள் கடற்கரையில் புது வள்ளமானாலும் வண்டியானாலும் முதலில் மாதா கோயிலுக்குத்தான் போகும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். வள்ளத்துக்கு முன்மூக்கான அணியத்தில் மாலை, வண்டிக்கு முகப்பில். மாமா மாலையும் கையுமாகக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்பக்கம் முழுக்க வழவழப்பான மூடி, கயிறு நுழைக்க ஒரு இடுக்கு இல்லை.

"ஏளா, நீதான கார் படம் வரையுதவ. இதுல மாலய எங்கன கெட்ட?"

"டேப் போட்டு ஒட்டுங்க மாமா."

"மொட்டத் தலைக்குப் பூ வைக்கச் சொல்லுதா," என்றாள் அத்தை.

ஒட்டினோம். உப்புக்காற்றில் டேப் தாங்கவில்லை. சாமியார் கை தூக்கிய நேரத்தில் மாலை நழுவித் தரையில் விழுந்தது. அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா மாலையை எடுத்து உதறி, மந்திரித்துப் படம் எடுத்து முடியும்வரை ஓரமாகக் குனிந்து நின்று கையாலேயே பிடித்துக்கொண்டார்.

"நம்ம பழைய வண்டில கெட்டுனா அவுக்கத்தான் பாடு," என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு செவ்வந்தி மாலையோடு போனேன். நிஜக் கம்பி பொருத்தி, அதன் பின்னால் விரல் நுழையும் இடைவெளி விட்ட களிமண் கார் மாதிரியில் ஒன்றைக் கட்டினேன். பக்கத்தில் இருந்த, மூடி போட்ட மாதிரியில் கட்டச் சொல்லி மற்றதைத் தலைமைப் பொறியாளரிடம் நீட்டினேன்.

"இத நீங்க கட்டுங்க சார்."

அவர் இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் அது காலடியில் விழுந்தது.

"வாங்குறவங்க எடுக்கிற முதல் போட்டோவே மாலையோடதான் சார்," என்றேன்.

அவர் என் கம்பியிலிருந்த மாலையை இழுத்துப் பார்த்தார். பூதான் உதிர்ந்தது.

"எவ்வளவு இடைவெளி வேணும்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் கம்பிகள் பிழைத்தன.

நான் வரைந்த காரில் முதலாவது எங்கள் ஊருக்கு வந்த அன்று அப்பாவையும் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போனேன். வாங்கியவர் யாரோ வியாபாரி. மாலையோடு வந்தவர், இடம் தேடாமல் நேரே குனிந்து கம்பியில் கயிற்றை நுழைத்தார். பாதியில் தயங்கி, பலம் போதுமா என்று அசைத்துப் பார்த்தார்.

அப்பா என்னைத் தாண்டி முன்னால் போனார்.

"இழுத்துக் கெட்டுங்க அண்ணாச்சி, தாங்கும். எம் மவ வச்ச கம்பி."