நாற்பத்தொரு வீரமரணம்

லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் கேட்பது அவர் குரல்தான். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்கள் மிரண்டுபோகாமல் இருக்க, வேலை முடியும்வரை அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கம்பெனி போட்ட விதி. மற்ற மெக்கானிக்குகள் வெயில், விலைவாசி என்று எதையாவது பேசி ஒப்பேற்றிவிடுவார்கள். இவர் மட்டும் தான் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தின் கதையைச் சொல்லுவார். அதனால் கம்பெனியில் அவருக்குக் கதைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

படம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினாலு நிமிடக் குறும்படம். ஆனால் வைக்கிங் படம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வடகடலில் நீளக் கப்பல் கட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்டார்களே, அந்த வைக்கிங். அவர்களுக்கும் இவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. கடலையே இவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். உலகத்தில் வேறு கதையே கிடைக்கவில்லையா என்று மனைவி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். "நாளெல்லாம் நாலடி அகல லிஃப்ட் கிணத்துக்குள்ள நின்னு மேலேயும் கீழேயும் பார்க்கறேன். ஒரு தடவையாவது பக்கவாட்டுல பார்க்கணும்னு இருக்கு" என்றார் கதைக்காரர். அதற்குப் பிறகு அந்த அம்மா கேட்கவில்லை. பழைய கால்மிதிகளைச் சேர்த்துத் தைத்து, தோளில் போடும் கம்பளித் தோலாக்கிக் கொடுத்தார். தலைக்கவசமெல்லாம் கழற்றிப்போட்ட லிஃப்ட்டின் கூரைத் தகடு.

கதை இதுதான். ஒரு நல்ல ராஜா. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கப்பல் அவரைக் கூட்டிப்போக வருகிறது. வந்தால் போயே ஆக வேண்டும், போனால் திரும்ப முடியாது. ராஜா தனியாகக் கப்பல் ஏறுகிறார், வழியனுப்ப ஒருவரும் இல்லை. மூடுபனி பட்டதும் ஜனங்கள் ராஜாவை மறந்துவிடுவார்களாம். உண்மையைச் சொன்னால், கூட்டம் சேர்க்கக் கையில் காசில்லை, அதனால் அப்படி எழுதியிருந்தார்.

ராஜாவாக நடித்தது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. கோபமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளை, ஆனால் ஆள் வாட்டசாட்டம். ஒட்டுத்தாடி வைத்தபோது முகமெல்லாம் தடித்துப்போனதால் சொந்தத் தாடியையே வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்து எடுத்துப் பதினோரு நிமிடம் தேறுவதற்குள் மூன்று வருடம் ஓடிவிட்டது, தாடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. தொழிற்சாலையில் அதை ஒரு வலைப்பைக்குள் கட்டிக்கொண்டு நின்றார். புதிதாக வந்த மேனேஜருக்கு அது ஆகவில்லை. அடுத்த மாதம் முப்பதாம் தேதிவரைதான் கெடு, ஒன்றாம் தேதி ஒன்று தாடி இருக்கக்கூடாது, இல்லை ஆள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மச்சானுக்கு வீட்டில் கைக்குழந்தை. வேலையை விடு என்று சொல்ல யாருக்கு மனது வரும்? ஆனால் தாடி போனால் படமும் போச்சு. இன்னொரு மூன்று வருடம் காத்திருந்து, ஐம்பத்தைந்து வயதில் மறுபடி ஆரம்பிக்கத் தனக்குத் தெம்பில்லை என்பது கதைக்காரருக்கே தெரியும்.

பாக்கி இருந்தது கடைசிக் காட்சி. ஏரியில் ஒரு படகு, புகை மிஷின், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் போட்டோக்கார அம்மாவுக்கு ஒருநாள் சம்பளம். அதற்காகத்தான் நாலு பேர் சேர்ந்து காசு போடும் அந்த இணையதளத்துக்குப் போனார். முப்பது நாளில் கேட்ட தொகை முழுசாகச் சேர வேண்டும், ஒரு ரூபாய் குறைந்தாலும் எல்லாம் போட்டவர்களுக்கே திரும்பிவிடும். காசு போடுகிறவர்களுக்குப் பதிலுக்கு என்ன தருவீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. படத்தின் முடிவில் பெயர் போடுவதாக எழுதினார். பத்து நாளில் மூன்று பேர் போட்டார்கள். அதில் ஒருவர் அவரே.

மனைவிதான் வழி சொன்னார். கடைசியில் பெயர் ஓடும்போது எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதை எவன் பார்ப்பான்? ஆளையே படத்தில் காட்டு. ஆனால் வசனம் பேச வைக்காதே, தாங்காது. கதைக்காரருக்குப் பொறி தட்டியது. 'இவ்வளவு கொடுத்தால் படத்தில் உங்களுக்குத் தனி வீரமரணம்' என்று எழுதிப் போட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! மாட்டிய லிஃப்ட்டுக்குள் ராஜா கதை கேட்டவர்கள், கதவு திறந்த சந்தோஷத்தில் அங்கேயே நின்று போனை எடுத்து மரணம் வாங்கினார்கள். எவனோ ஒருவன், கிளைமாக்ஸ் சொல்லி முடித்தபிறகுதான் கதவைத் திறந்தார் என்று கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டான். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "கிளைமாக்ஸே இன்னும் எடுக்கலையே சார், அதுக்குத்தானே காசு கேக்கறேன்" என்றார் கதைக்காரர். மேலதிகாரி சாயங்காலத்துக்குள் ஒரு மரணம் வாங்கிவிட்டார். இருபத்தாறாம் நாள் தொகை நிரம்பியபோது வீரமரணம் மட்டும் நாற்பத்தொன்று விற்றிருந்தது.

யாருமே இல்லாத கடைசிக் காட்சியில் இப்போது நாற்பத்தொரு பேர் சாக வேண்டும். கதையை மாற்றி, ராஜா கப்பல் ஏறுவதற்கு முன் கரையில் ஒரு பெரிய சண்டை என்று எழுதினார். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்கே நாற்பத்தொரு பேரும் வந்து, கால்மிதி போர்த்தி, தரை துடைக்கும் நூல்களைத் தாடியாகக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போட்டோக்கார அம்மா கேமராவைத் தாங்கியில் பொருத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, இதுல யார் யாரை வெட்டறது?"

கதைக்காரர் பேய் முழி முழித்தார். நாற்பத்தொரு பேரும் சாவதற்குக் காசு கட்டியவர்கள். கொல்வதற்கு ஒருத்தர்கூடக் கட்டவில்லை. இணையதளத்தின் அந்தக் கட்டத்தில் அப்படி ஒன்றை அவர் எழுதவே இல்லை. செத்து முடித்தவர்கள் எழுந்து அடுத்தவரை வெட்டலாமே என்று கெஞ்சிப் பார்த்தார். செத்தவன் எப்படி எழுந்து வருவான், பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா என்று அவர்களே கேட்டார்கள். நியாயம்தானே! வேறு வழியில்லாமல் நாற்பத்தொரு பேரையும் ராஜாவே வெட்டுவது என்று முடிவாயிற்று. மூடுபனி கண்ணை மறைத்ததால் சொந்த ஜனங்களையே எதிரி என்று நினைத்துவிட்டாராம். மச்சான் மரக்கோடரியைக் கையில் வாங்கிக்கொண்டு, முதல் ஆளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.

காசு கொடுத்துச் சாகிறவர்கள் சும்மா செத்துவிடுவார்களா? பல் டாக்டர், கோடரி முகத்தில் படக்கூடாது, வாய் திறந்து பல் வரிசை தெரியச் சாக வேண்டும் என்றார். ஒரு குடியிருப்பின் செயலாளர், பொருளாளருக்கு முன்னால் தான் சாக முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். பொருளாளரும் அதையே சொன்னார். இரண்டு பேரையும் ஒரே வெட்டில் சாய்த்ததும் செயலாளர் எழுந்து உட்கார்ந்து, பாதி வெட்டுக்குப் பாதிப் பணம் திரும்பக் கேட்டார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அம்மா, ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்ன ஆபீசுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார், அதனால் முகம் தெரியாமல் முதுகு காட்டித்தான் சாவேன் என்றார். முழங்கால் வலிக்காரப் பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலியோடு வந்து, அதில் உட்கார்ந்தபடி சாவதற்குத் தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்தார். எப்படிச் சாவது என்று ஒவ்வொருவருக்கும் கதைக்காரரே கால்மிதியும் கவசமும் மாட்டிக்கொண்டு செத்துச் செத்துக் காட்டினார்.

மாலை ஐந்தரை மணிக்கு இருபத்துநாலு பேர் செத்திருந்தார்கள். பதினேழு பேர் பாக்கி. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இருபது நிமிடம்தான் வெளிச்சம் என்று போட்டோக்கார அம்மா சொன்னார். ராஜா படகு ஏறும் காட்சியை இன்னும் தொடவே இல்லை.

கதைக்காரர் பதினேழு பேரையும் கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாக, எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் செத்துவிடுங்கள் என்று கேட்டார். ஒருவரும் மசியவில்லை. தனி வீரமரணம் என்றுதானே எழுதியிருந்தீர்கள் என்று போனைத் திறந்து காட்டினார்கள். மூன்று வருட உழைப்பு, இருபது நிமிடம், எதிரே சாகாமல் நிற்கும் பதினேழு பேர். மச்சான் பக்கம் திரும்பி, சீக்கிரம் சீக்கிரம், இன்னும் நாலு பேரையாவது முடி என்று அதட்டினார். அதுவரை அவர் மச்சானை அதட்டியதே இல்லை.

மச்சான் கோடரியைக் கீழே போட்டார். காலையிலிருந்து வெட்டி வெட்டிக் கை மரத்துப்போயிருந்தது.

"என்னால முடியல மாமா. நான் கிளம்பறேன்."

சொல்லிவிட்டுக் கரையில் கிடந்த படகைத் தள்ளி ஏறி உட்கார்ந்தார். புகை மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா, தம்பி போவதைக் கண்ட பதற்றத்தில் கைப்பிடியை முழுசாகத் திருப்பிவிட்டார். வெள்ளையாகப் புகை கிளம்பி ஏரியில் படர்ந்தது. அப்போதுதான் பதினேழு பேருக்கும் உறைத்தது, காசும் போச்சு, மரணமும் போச்சு என்று. அத்தனை பேரும் கும்பலாகத் தண்ணீருக்குள் ஓடினார்கள். போகாதே, எங்களை விட்டுட்டுப் போகாதே, என்னையும் வெட்டிட்டுப் போ என்று கையை நீட்டி நீட்டிக் கத்தினார்கள். இன்ஷூரன்ஸ் அம்மா முகத்தை மறைக்க மறந்து முதல் ஆளாக நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பெரியவர் நாற்காலியை உதறிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் தடுமாறினார். செத்துப்போன இருபத்துநாலு பேரும் நிஜமாகவே அடிதடி என்று பயந்து, அன்றைக்கு முதல்முறையாக ஆடாமல் அசையாமல் கிடந்தார்கள். எல்லாரையும் முந்திக்கொண்டு, மாப்ள, மாப்ள, தெரியாம சொல்லிட்டேன் திரும்பி வந்துடு என்று கதறியபடி கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றது கதைக்காரர்தான். படகு திரும்பவில்லை. புகைக்குள் போய் மறைந்தது.

மச்சானுக்குத் துடுப்புப் போடத் தெரியாது. காற்று அடித்த பக்கம் போய் அக்கரையில் ஒதுங்கியிருப்பார் என்று கணக்குப் போட்டு, போட்டோக்கார அம்மாவின் வேனில் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கரைக் கடைத்தெருவில், ஒரு முடிதிருத்தும் கடை நாற்காலியில், ராஜா உடையோடு மச்சான் உட்கார்ந்திருந்தார். தாடி தரையில் கிடந்தது. மழித்த முகத்தில் மச்சானைப் பார்த்ததும் கதைக்காரர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கால்மிதியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

"அண்ணா, நான் கேமராவை நிறுத்தவே இல்லை" என்றார் போட்டோக்கார அம்மா. "இதை ஒரு தடவை பாருங்க."

கேமராவின் குட்டித் திரையில் காட்சி ஓடியது. சத்தம் இல்லை, படம் மட்டும்தான். கரையெல்லாம் பிணங்கள். வெள்ளைப் புகைக்குள் ஒரு படகு போகிறது. முதுகு காட்டி ஒரு ராஜா. தண்ணீருக்குள் இறங்கி, கையை நீட்டி, வாய்விட்டு அழுது கூப்பிடும் ஜனங்கள். வழியனுப்ப ஒரு கூட்டம் வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர்தான் கதைக்காரர். இப்படி ஒரு கூட்டத்தைக் கனவில்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மச்சானும் எழுந்து வந்து, கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு பக்கத்தில் நின்று பார்த்தார்.

கத்தியைக் கையில் வைத்தபடி சலூன்காரரும் அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒரு தடவை முழுசாக ஓடி முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர் ராஜாவுக்கு அண்ணனா என்று கேட்டார்.

"இத்தனை பேர் அழுது கூப்பிடறாங்க" என்றார் சலூன்காரர். "ஒரு நிமிஷம் நின்னா என்ன? ராஜா ஏன் திரும்பிக்கூடப் பார்க்காம போறாரு?"

மச்சான் மழித்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். "காலையில ஆறு மணிக்கு ஷிஃப்ட்ங்க."

சலூன்காரர் சிரிக்கவில்லை. திரையில் படகு மறைகிற இடத்தையே பார்த்தார்.

"அப்ப போய்த்தானே ஆகணும்" என்றார்.