மேலே போய் இறங்கி வந்தவர்கள்

விமானத்தில் வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோரும் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள், இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஏர் ஹோஸ்டஸா என்று. நான் நர்ஸ். டெல்லியிலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு நாட்டின் நான்கு மூலைக்கும் போகிற, அங்கிருந்து டெல்லிக்கு அள்ளிக்கொண்டு வருகிற சின்ன விமானத்தில் நர்ஸ். உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர். அதை ஒட்டி டாக்டரும் நானும். வால் பக்கம் நோயாளியின் சொந்தக்காரர் ஒருவர். முன்னால் இரண்டு பைலட். நிமிர்ந்து நிற்க முடியாது, கழிப்பறை கிடையாது. டெல்லியிலிருந்து ஊருக்கு ரயிலில் நடு பெர்த்தில் கழுத்தை மடக்கி உட்கார்ந்து போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அதே பெர்த்தில் உட்கார்ந்தபடி ஒருவருக்கு நரம்பு தேடி ஊசி போடவும் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் என் பிழைப்பு.

ஆறு வருஷமாகப் பறக்கிறேன். நான் ஏற்றிய யாரும் இதுவரை வானத்தில் இறந்ததில்லை. இதில் என் சாமர்த்தியம் அதிகம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் சக்கரம் தரையைத் தொடும் வரை என் விரல் நோயாளியின் மணிக்கட்டை விட்டு விலகாது. டெல்லி கிட்வாய் நகர் வீட்டில் காலையில் கிளம்பும்போது நான் ஜெபத்தில் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: "இன்றைக்கு வேண்டாம் ஆண்டவரே."

முகம் பார்க்கும் கண்ணாடி

டிப்ருகரிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஜீப் கவிழ்ந்து கழுத்தெலும்பு முறிந்திருந்தது. தலையின் இரண்டு பக்கமும் அணை வைத்து, நெற்றியில் பட்டை கட்டி, மனிதர் கூரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாதபடி படுத்திருந்தார். தலையை ஒரு விரற்கடை திருப்பினாலும் கைகால் நிரந்தரமாகப் போய்விடலாம் என்று டாக்டர் அவரிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். பயத்தில் அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மேகத்தைத் தாண்டி மேலே வந்ததும் வலப்பக்க ஜன்னல் முழுக்க இமயமலை. ஒரு மலை, இரண்டு மலை என்று எண்ணுகிற சமாச்சாரம் இல்லை. அரை மணி நேரம் பறந்தும் தீரவில்லை. ஒரு மணி நேரம் பறந்தும் தீரவில்லை. காலை வெயிலில் அத்தனையும் வெள்ளை. நான் சும்மா இருக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள். அன்று ஒரு வார்த்தை வரவில்லை, வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. அவருக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த ஜன்னல். "என்ன சிஸ்டர், என்ன பாக்குறீங்க?" என்று கூரையைப் பார்த்தபடியே ஹிந்தியில் கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

கைப்பையில் பொட்டு சரிசெய்யும் கையகலக் கண்ணாடி கிடந்தது. அதை அவர் முகத்துக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். மலை கண்ணாடிக்குள் வந்தது. நாற்பது நிமிஷம் கை வலிக்க வலிக்க மாற்றி மாற்றிப் பிடித்தேன். டாக்டரும் கொஞ்ச நேரம் பிடித்தார். நோயாளியின் கண்ணோரம் வழிந்து பட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். அவர் சொன்னது இது: "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் சாய்ங்க, உச்சி தெரியல."

லேயில் காலை எட்டு மணி

லே விமான நிலையத்தில் காலையில்தான் வேலை நடக்கும். மதியத்துக்கு மேல் மலைக்காற்று எழும்பினால் பெரிய விமானமே தயங்கும், நாங்கள் எம்மாத்திரம்? அதனால் விடிந்ததும் டெல்லியில் கிளம்பி எட்டு மணிக்கு அங்கே இறங்கினோம். இறங்கும் முன்பு மலைகள் ஜன்னல் உயரத்துக்கு மேலே நிற்கின்றன. கீழே பார்த்துப் பழகிய எனக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் கேப்டன் தில்லன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அந்தப் பள்ளத்தாக்குக்குள் விமானத்தைத் திருப்பியபோது கடையில் பேரம் பேசுகிறவர் மாதிரி சாவகாசமாக இருந்தார். நான்தான் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நோயாளி பீகாரிலிருந்து சாலை வேலைக்கு வந்த இளைஞர், பெயர் ராம்பரோஸ். அந்த உயரத்தின் காற்று ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உதடு நாவல்பழ நிறம். இப்படிப்பட்ட ஒருவரை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு போகப் போகிறோமே என்று முதல் தடவை வந்தபோது நான் அரண்டு போயிருக்கிறேன். ஆனால் விஷயம் நேர்மாறு. விமானத்துக்குள் காற்றை அடைத்து அழுத்தம் கொடுப்பதால், இருபதாயிரம் அடிக்கு மேலே பறக்கும்போது உள்ளே இருக்கிற காற்று லே தெருவில் இருக்கிற காற்றைவிடக் கெட்டி. விமானம் ஏற ஏற, உள்ளே இருப்பவர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்!

இதைப் பாடமாகப் படிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. வெளியே பனிமலைகள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்குக் கீழே இறங்க, உள்ளே ராம்பரோஸின் உதட்டில் நிறம் ஏறியது. மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் எழுபதிலிருந்து எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. நானும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் புதிதாக ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இமயமலையைத் தாண்டி சமவெளி தெரியத் தொடங்கியபோது அவர் மாஸ்க்கை நகர்த்தி, இரண்டு நாளில் முதல் வாக்கியம் பேசினார்: "தீதி, பராட்டா ஏதாவது இருக்கா?"

ஃப்ளாஸ்க் டீ

கழிப்பறை இல்லை என்பதை ஏறுமுன் எல்லோரிடமும் சொல்வோம். குவாஹாட்டியில் ஒரு நோயாளியுடன் வந்த அவருடைய மாமா ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். இஸ்திரி போட்ட குர்தா, தங்க ஃபிரேம் கண்ணாடி. நான் சொன்னதை ஒரு புன்னகையால் ஒதுக்கிவிட்டு ஃப்ளாஸ்க் டீ முழுவதையும் குடித்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பாட்டிலைக் காட்டினேன். அவர் பார்த்த பார்வையில் நான் அதை சீட்டுக்கடியில் ஒளித்தே வைத்துவிட்டேன்.

மே மாதம். வழியில் இடி மேகங்கள் தூண் தூணாக நின்றன. அடி தெரியவில்லை, முடி தெரியவில்லை, உள்ளே மின்னல் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் அவற்றின் நடுவே வளைந்து வளைந்து போனார். நம்மை ஒரு தூசியாகக்கூட அந்த மேகங்கள் மதிக்கவில்லை என்று தோன்றியது. அதை அத்தனை பக்கத்தில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது. விமானம் ஒரு தூக்குத் தூக்கி, ஒரு போடு போட்டது. பின்னாலிருந்து மிக மரியாதையான குரல் வந்தது: "மேடம், அந்த பாட்டிலை எங்கே வெச்சீங்க?"

பத்து இருபதுக்கு

செல்வம் எங்கள் கிட்வாய் நகர்க்காரர். மூன்று பிளாக் தள்ளி அரசாங்கக் குடியிருப்பு, நாற்பத்தெட்டு வயது. நுரையீரல் இரண்டும் இறுகிப்போய், மாற்று நுரையீரலுக்காகச் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்க்க வேண்டியிருந்தது. மாஸ்க் இல்லாமல் இருக்க முடியாது. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும்.

ஏற்றும்போது அவர் மனைவி மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், இவரோட அண்ணன் தாம்பரத்துல இருக்காரு. ஏழு வருஷமா இவர்கிட்ட பேச்சே இல்ல. மாமியார் தவறினது அந்த வருஷம் ஜனவரியில. இங்க மூடுபனி, ஃபிளைட் எல்லாம் கேன்சல், ரயில் பதினெட்டு மணி நேரம் லேட். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவர்தான். இப்பவும் அங்க ஆம்புலன்ஸ் ஏற்பாடெல்லாம் அவரேதான் பண்றாரு, ஆனா உங்க ஆபீஸ் மூலமா. ஆபரேஷனுக்கு முன்னாடி அண்ணன் ஒரு வார்த்தை பேசிட்டா போதும்ங்கறாரு இவரு. அதுக்காவது உசுரோட கொண்டுபோய்ச் சேத்துருங்க."

நாங்கள் கிளம்பினோம். கீழே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் ஆபீஸில் தகவல் சொல்கிற ப்ரீத்தி தமிழ்ப் பெண். டெல்லி கோல் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவள், ஹிந்தியில் யோசித்துத் தமிழில் பேசுவாள். விமானம் எழும்பியதும் சென்னைக்குத் தகவல் சொல்வது அவள் வேலை. சொன்னாள்.

"சார், உங்க தம்பி மேலே போயிட்டார்."

செல்வத்தின் அண்ணன் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாராம். பிறகு, "எப்பம்மா?"

"பத்து இருபதுக்கு சார்."

"கஷ்டப்பட்டானா?"

"இல்லவே இல்ல சார். ரொம்ப ஸ்மூத்தா போயிட்டார்."

"மல்லிகா எப்படி இருக்கா?"

"பக்கத்துலயேதான் இருக்காங்க சார். ரெண்டரைக்கு அங்க கொண்டு வந்துடுவோம்."

கடைத்தெருவுக்குக் கிளம்பினால்கூட "வரேன்" என்று சொல்கிற கூட்டம் நாம். அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு ஹிந்தி வார்த்தை கலக்காமல் முழுக்கத் தமிழிலேயே பேசி முடித்தோம் என்று அவளுக்கு அன்று ஒரே பெருமை.

மேலே எங்களுக்கு வேறு உலகம். மழை விட்ட ஆகஸ்ட் மாதத்து வானம், கழுவித் துடைத்த மாதிரி. செல்வத்தின் தலையை உயர்த்தி ஜன்னலோரம் வைத்திருந்தேன். டெல்லிக்கும் சென்னைக்கும் இருபது வருஷம் ரயிலில் போய் வந்த மனிதர். பாலம் பாலமாகத் தடதடத்துக் கடந்த ஆறுகளை இப்போது தலை முதல் கால் வரை பார்த்தார். சம்பல், நர்மதை, வார்தா, கோதாவரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினார். கோதாவரி வெள்ளத்தில் பழுப்பாகப் பரந்து கிடந்தபோது மல்லிகாவைத் தொட்டுக் காட்டினார். இத்தனை பெரிய தேசத்தை ஒரு பகல்பொழுதில் ஒரே ஜன்னலில் பார்த்த நான், நாடியைப் பிடித்தபடியே அவரோடு சேர்ந்து ஆறுகளை எண்ணினேன். கிருஷ்ணா வந்தபோது ஐந்தாவது விரலை மடக்கிவிட்டு, களைப்பில் கண்ணை மூடினார். மானிட்டரில் எண் இறங்கத் தொடங்கியது. ஆக்ஸிஜனைக் கூட்டினோம். என் ஆறு வருஷத்துப் பயம் முழுவதும் அந்த அரை மணி நேரத்தில் சேர்ந்து வந்தது. "இன்றைக்கு வேண்டாம்" என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டது. நாடி இருந்தது. கதவைத் திறந்தால் ஆஸ்பத்திரி வண்டியைக் காணோம். வெள்ளை வேன் ஒன்று நின்றது. பக்கவாட்டில் பெரிய எழுத்து: அமரர் ஊர்தி. உள்ளே ஐஸ் பெட்டி. பக்கத்தில் கையில் ரோஜா மாலையோடு வேட்டி கட்டிய பெரியவர். தம்பி போய்விட்டான் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான், இந்த வண்டிக்கு அனுமதி வாங்க அங்கும் இங்கும் ஓடியவரும் அவர்தான். டாக்டர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுக் கத்தினார். எங்களிடம் நாற்பது நிமிஷத்துக்கு ஆக்ஸிஜன் இருந்தது. வண்டி இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தது, செல்வம் உயிரோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகு சொன்னால் சுவைக்காது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்குள் அண்ணன் படியேறி உள்ளே வந்துவிட்டார். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை அவருக்கு. கதவுப் பக்கம் இருந்தது தம்பியின் கால். அதைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். "டேய் செல்வம், ஏழு வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேனேடா! பனி பேஞ்சா நீ என்னடா பண்ணுவ? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பேசலையேடா, ஒரு வார்த்தை பேசலையேடா!" மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் "ஐயா, அவர் உயிரோட..." என்று ஆரம்பித்தேன். என் கையை யாரோ அழுத்தினார்கள். பார்த்தால் செல்வம். கண் திறந்திருந்தது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். அண்ணன் அழுது முடிக்கும் வரை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். என் விரலடியில் அவருடைய நாடி துள்ளியது. பிறகு மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினார். மூன்று வார்த்தைக்கு மேல் மூச்சு இல்லாத மனிதர், இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார்: "பேசிட்டியே, அண்ணே."

இப்போதெல்லாம் எங்கள் ஆபீஸில் கேப்டன் தில்லன் உட்பட யாரும் யாரைப் பற்றியும் "போயிட்டார்" என்று சொல்வதில்லை, எதிர்க் கடைக்கு டீ குடிக்கக் கிளம்பியவரைக்கூட "வந்துட்டிருக்கார்" என்றுதான் சொல்கிறோம்.